அணு உலையில் தீ: தலைவிதியா, கணக்கா?



நமது நாட்டில் எங்கேயாவது தீப்பற்றி நாலு பேர் மாண்டார்கள் என்றால், மறுநாளே நம் ஜனங்கள் சொல்லுகின்ற முதல் வார்த்தை "விதி" என்பதாகும். கொஞ்சம் பக்தி அதிகமானவர்கள் "தெய்வ குற்றம்" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "எதிர்பாராத விபத்து" என்பார்கள். இந்த மூன்று வார்த்தைகளுக்கும் அர்த்தம் ஒன்றேதான். அதாவது, "இதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை, யாரையும் எதுவும் கேட்காதே" என்பதுதான் அந்த அர்த்தம்.

2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஏர்வாடியில், புத்தி சுவாதீனமில்லாதவர்கள் என்று சொல்லிச் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் கொட்டகையில் தீப்பிடித்து ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். 2004-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி கும்பகோணத்தில் சமையலறைத் தீ ஓலைக் கூரைக்குத் தாவிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 94 பேர் கருகினார்கள். 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி நமது போடி தாலூகா குரங்கணி மலையில், மலையேற வந்த வெளியூர் வாலிபர்களும் பெண்களும் காட்டுத்தீக்கு நடுவில் அகப்பட்டு இருபது பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். இவற்றில் விதிக்கு என்ன வேலை இருந்தது? ஏர்வாடியில் இருந்தது சங்கிலி. கும்பகோணத்தில் இருந்தது ஓலை. குரங்கணியில் இருந்தது கோடையில் காய்ந்த புல்லும், காற்றும், மலைச்சரிவும். தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது வெகு வேகமாய் ஓடும் என்பது மலையடிவாரத்தில் ஆடுமாடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை முன்கூட்டிக் கணக்குப் பார்க்காததற்கு விதி என்று பெயர் வைப்பது அயோக்கியத்தனமேயாகும்.

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதும், அம்மன் கோவில்களில் பூக்குழி இறங்குவதும் நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கின்ற காரியம். பூக்குழியில் கால் சுடவில்லையே, அது அம்மன் அருள் அல்லவா என்பார்கள். கடவுள் இல்லை என்று சொல்லுகின்ற கூட்டத்தாரும் அதே குழியில் இறங்கி நடந்து காட்டித்தான் இருக்கிறார்கள். கரித் துண்டு தன் சூட்டை வெகு மெதுவாகத்தான் வெளியே கொடுக்கும். கால் அதன்மேல் படுவதோ ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் தோலுக்குள் ஏறுகின்ற சூடு கொஞ்சம். அருள்தான் காரணம் என்றால், அருள் வந்தவர் அதே கரியின்மேல் ஐந்து நிமிஷம் நின்று காட்டட்டும்! ஆகவே, எவ்வளவு சூடு, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், நடுவில் இருப்பது என்ன பொருள் என்கின்ற நான்கு கேள்விகளுக்குக் கட்டுப்பட்டதுதான் தீ. அது ஆளைப் பார்ப்பதில்லை, ஜாதி கேட்பதில்லை, நேர்த்திக்கடனையும் கேட்பதில்லை. இந்த நான்கு கேள்விகளையும் இலட்சக்கணக்கான தடவை கேட்டுப் பதில் எழுதுகின்ற கம்ப்யூட்டர் கருவிகள் இன்று உலகத்தில் இருக்கின்றன. அவற்றை மென்பொருள் என்கின்றார்கள். அணு மின்சார நிலையங்களில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிக் கண்டறிய அந்தக் கருவிகளை உபயோகிக்கின்றார்கள். அவற்றைப் பற்றித்தான் இன்று எழுத வந்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் நெல்லும் பயிரிடுகின்றவனுக்கு அணு உலையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். லோயர் கேம்பில் பெரியாற்றுத் தண்ணீரால் உண்டாகின்ற மின்சாரமும், கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் அணுவைப் பிளந்து உண்டாக்குகின்ற மின்சாரமும் ஒரே கம்பி வலையில் கலந்துதான் வருகின்றன. நம் வீட்டு விளக்குக்கு எண்ணெய் எங்கே ஆட்டப்படுகின்றது என்று கேட்க நமக்கு உரிமையில்லையா? தவிரவும், 2015-ல் பொட்டிப்புரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய மந்திரி சபை அனுமதி கொடுத்தது முதல், "அணு" என்ற வார்த்தையை நம் ஜில்லாவில் கேள்விப்படாத ஊர் இல்லை. அது உலையே அன்று. ஆனாலும் அந்தப் பேச்சு நடந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தார் அணு என்றாலே பிசாசு என்று பயந்தார்கள்; மற்றொரு பக்கத்தார் விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள், வாயை மூடு என்றார்கள். பயமும் பக்தியும் ஒரே மாட்டின் இரண்டு கொம்புகள்தான். இரண்டும் கேள்வி கேட்க விடுவதில்லை.

நிற்க, அணு உலையில் எரிவதற்கு என்ன இருக்கின்றது? அணுகுண்டு மாதிரி உலை வெடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே தீப்பிடிக்கக் கூடியவை பெரும்பாலும் எந்தப் பெரிய மில்லிலும் இருக்கின்ற சாமான்களே. இயந்திரத்துக்கு ஊற்றுகின்ற எண்ணெய், ஜெனரேட்டரைக் குளிர்விக்க விடுகின்ற ஹைட்ரஜன் வாயு, மைல் கணக்கில் ஓடுகின்ற மின்சாரக் கேபிள்களின் மேலுறை ஆகியவைதான். மில் எரிந்தால் மில்லோடு போகும். அணு உலையில் விஷயம் அப்படி முடிவதில்லை. உலையை நிறுத்திவிட்டாலும் அதன் சூடு நிற்பதில்லை. நிறுத்திய நிமிஷத்தில் முழுச் சூட்டில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்கு இருந்துகொண்டு, பிறகு முதலில் வேகமாயும், அப்புறம் நாள்பட நாள்பட மெதுவாயும்தான் குறையும். 1,000 மெகாவாட் மின்சாரம் கொடுக்கின்ற உலையில் உண்டாகின்ற சூடு சுமார் 3,000 மெகாவாட். அதில் ஆறு பங்கு என்றால் 180 மெகாவாட். இதை ஆற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் ஓடப் பம்பு வேண்டும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் வரக் கேபிள் வேண்டும். அந்தக் கேபிளே எரிந்துபோனால்? அங்கேதான் அபாயம்.

இது கற்பனையா? 1975-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ந் தேதி அமெரிக்காவில் அலபாமா மாகாணத்துப் பிரவுன்ஸ் பெர்ரி அணு நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுவரில் கேபிள் நுழைகின்ற துவாரங்களில் காற்றுக் கசிகின்றதா என்று பார்க்க வேலையாட்கள் என்ன கருவி உபயோகித்தார்கள் தெரியுமா? ஒரு மெழுகுவத்தி! சுடர் ஆடினால் காற்று வருகின்றது என்று அர்த்தமாம். ஆடிய சுடர் துவாரத்தை அடைத்திருந்த நுரைப் பொருளில் பற்றிக்கொண்டது. ஏழு மணி நேரம் எரிந்து 1,600 கேபிள்களைத் தின்றது. ஆபத்துக் காலத்தில் உலைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செத்தன. மின்சாரத் தீயில் தண்ணீர் விடலாமா, கூடாதா என்று மணிக்கணக்கில் தயங்கிவிட்டுக் கடைசியில் தண்ணீர் விட்டபிறகுதான் அணைந்தது. அணுவைப் பிளக்கத் தெரிந்த நாட்டார் அரையணா மெழுகுவத்தியால் அவஸ்தைப்பட்டார்கள்.

அமெரிக்கா கிடக்கட்டும், நமது நாட்டுக்கு வருவோம். 1993-ம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதி விடியற்காலம், உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலுள்ள நரோரா அணு மின்சார நிலையத்தில் டர்பைன் இயந்திரத்தின் இரண்டு தகடுகள் முறிந்து பறந்தன. இயந்திரம் ஆடிற்று, ஹைட்ரஜன் கசிந்தது, எண்ணெயும் சேர்ந்து பற்றியது. தீ கேபிள்களின் வழியே ஓடியது. ஒரு கேபிள் போனால் உதவட்டும் என்று வைத்த மாற்றுக் கேபிள்களும் இடையில் தடுப்பு ஒன்றுமில்லாமல் அதே பாதையில் போயிருந்தன. ஆகவே எல்லாம் சேர்ந்தே வெந்தன. 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் புகை நிறைந்து சிப்பந்திகள் வெளியேறினார்கள். சிலர் பேட்டரி விளக்கைப் பிடித்துக்கொண்டு உலைக் கட்டிடத்தின் உச்சிக்கு ஏறி, கையாலேயே வால்வுகளைத் திருகி, உலையை மறுபடி எழவிடாமல் அடக்குகின்ற போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். தீயணைக்க வைத்திருந்த டீசல் பம்புகளைக் கொண்டு குளிர்விக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கதிர்வீச்சு வெளியே வரவில்லை. நாட்டைக் காப்பாற்றியது அந்தத் தொழிலாளிகளின் புத்தியும் துணிச்சலும்தான். பிரவுன்ஸ் பெர்ரியில் பாடம் கற்பிக்கப்பட்டுப் பதினெட்டு வருஷம் கழித்து, அதே பாடத்தை நாம் நரோராவில் முதலிலிருந்து படித்தோம்.

இதில் அடங்கியிருக்கின்ற கணக்கை நம் விவசாயத் தோழர்களுக்கு விளங்கும்படி சொல்லுகின்றோம். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், தண்ணீர் தவறக்கூடாது என்று இரண்டு கிணறு வெட்டி இரண்டு மோட்டார் வைத்திருக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு மோட்டாரும் நூறு நாளில் ஒரு நாள் ஓடாமல் போகும் என்போம். இரண்டும் ஒரே நாளில் நின்றுபோவதற்கு எவ்வளவு சமயம்? நூறை நூறால் பெருக்கிப் பதினாயிரம் நாளில் ஒரு நாள் என்று பள்ளிக்கூடக் கணக்குச் சொல்லும். தோட்டக்காரர் நிம்மதியாய்த் தூங்கலாம். ஆனால் இரண்டு மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் வந்தால்? அது ஒன்று எரிந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பதினாயிரம் என்று போட்ட கணக்கு வெறும் காகிதமாய்ப் போகும். கிணறு இரண்டு என்பது கண்ணுக்குத் தெரியும். வேர் ஒன்று என்பது கம்பத்து வழியே நடந்துபோய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நரோராவிலும் பிரவுன்ஸ் பெர்ரியிலும் நேர்ந்தது இதுதான்.

பிரவுன்ஸ் பெர்ரிக்குப் பிறகு அமெரிக்கர்கள் 1980-ல் விதி எழுதினார்கள். ஒன்றுக்கொன்று மாற்றான இரண்டு ஏற்பாடுகளுக்கு நடுவில் மூன்று மணி நேரம் தீயைத் தாங்குகின்ற தடுப்பு இருக்க வேண்டும். அல்லது எரிபொருள் ஏதும் இல்லாத 20 அடி இடைவெளியும், தீயைக் கண்டறியவும் தானே அணைக்கவும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் அவை. ஆனால் இருபது அடி எல்லா அறைக்கும் ஒன்றுபோல் போதுமா? சின்ன அறை, பெரிய அறை, தாழ்ந்த கூரை, உயர்ந்த கூரை எல்லாம் ஒன்றாகுமா? இதற்குப் பதில் தேடித்தான் கணக்குக் கருவிகள் வந்தன.

அவை இரண்டு வகைப்படும். முதல் வகை, தீ எப்படி வளரும் என்று கணக்கிடுவது. அமெரிக்க சர்க்காரின் அளவைக் கழகத்தார் செய்த சீபாஸ்ட் என்கின்ற கருவி, அறையை மேலே சூடான புகை, கீழே குளிர்ந்த காற்று என்று இரண்டு அடுக்காய்ப் பாவித்துக் கணக்குப் போடுகின்றது. அதே கழகத்தார் 2000-ல் வெளியிட்ட எப்.டி.எஸ். என்பது அறையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாய் வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் சூடும் புகையும் நொடிக்கு நொடி எப்படி நகர்கின்றது என்று பார்க்கின்றது. இவ்விரண்டையும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பிரான்சு தேசத்து மின்சாரக் கம்பெனியார் மாஜிக் என்று ஒன்று வைத்திருக்கின்றார்கள். பெயர்தான் மாஜிக், உள்ளே இருப்பது பெருக்கலும் வகுத்தலும்தான். இந்தச் சூடு கேபிளை எட்டும்போது, இளகக்கூடிய பிளாஸ்டிக் உறை சுமார் 205 டிகிரியிலும், இளகாத உறை சுமார் 330 டிகிரியிலும் கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டு, எத்தனை நிமிஷத்தில் எந்தக் கேபிள் சாகும் என்று சொல்லுகின்றார்கள்.

இரண்டாவது வகை, அந்தத் தீயினால் உலைக்கு என்ன நேரும் என்று கணக்கிடுவது. இந்த அறையில் தீப்பிடிக்க வருஷத்துக்கு எவ்வளவு சமயம், அணைக்க முடியாமல் போக எவ்வளவு சமயம், கேபிள் கெட எவ்வளவு, மற்ற பம்பும் கெட எவ்வளவு என்று மரத்தின் கிளை பிரிவது போல் பிரித்துப் பெருக்கிக்கொண்டே போய், உலையின் உள்ளம் உருகுவதற்கு எத்தனை ஆயிரம் வருஷத்தில் ஒரு தடவை சமயம் என்று முடிவு கட்டுகின்றார்கள். இப்படிச் செய்த ஆராய்ச்சிகளில், பல உலைகளில் மொத்த அபாயத்தில் தீயின் பங்கு சிறியதன்று என்று தெரிந்திருக்கின்றது. கணக்குப் போடாமல் இருந்தால் இது தெரிந்திருக்குமா? ஆகையால் இந்தக் கருவிகள் மனித புத்தியின் நல்ல பலன்கள்தான். இவற்றை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆனால் இங்கேயே ஒரு புது மூடநம்பிக்கையும் முளைக்கின்றது. ஒரு காலத்தில் "சாஸ்திரம் சொல்லுகிறது" என்றால் ஜனங்கள் வாய் மூடினார்கள். இப்பொழுது "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்றால் வாய் மூடுகின்றார்கள். கம்ப்யூட்டர் என்ன, திரிகால ஞானியா? கேபிள் எந்த வழியாய்ப் போகின்றது என்று மனிதன் நடந்துபோய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். இரண்டு கேபிளும் ஒரே பாதையில் போவதை எழுதாமல் விட்டால், அதுவும் தோட்டக்காரரைப் போலப் பதினாயிரம் என்று போட்டுவிட்டு நிம்மதியாய் இருக்கும். எழுதிக் கொடுத்தவன் சோம்பேறியானால் கருவியும் சோம்பேறி. அவன் பொய்யனானால் கருவியும் பொய்தான்.

அப்படியானால் ஜோசியனுக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் நடக்கப்போவதைச் சொல்லுவதுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கின்றது. ஜோசியன் தன் ஜோசியம் எத்தனை தடவை பொய்த்தது என்று ஒரு நாளும் எழுதி வைப்பதில்லை. அமெரிக்காவில் அணு உலைகளை மேற்பார்வை பார்க்கின்ற கமிஷனார் 2007-ல் என்ன செய்தார்கள் என்றால், ஐந்து தீக் கணக்குக் கருவிகளை எடுத்து, உண்மையாகவே தீ மூட்டிச் செய்த சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, எந்தக் கருவி எந்த அளவைச் சரியாய்ச் சொல்லுகின்றது, எதில் தவறுகின்றது என்று பட்டியல் போட்டு அச்சிட்டு உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். தன் தவறைத் தானே அளந்து ஊருக்குச் சொல்லுகின்றதுதான் விஞ்ஞானம். கணக்கைப் பெட்டியில் பூட்டிவைத்து, முடிவை மாத்திரம் சொல்லி நம்பச் சொல்லுவது, கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்தாலும் ஜோசியமேயாகும்.

இனி நமது நாட்டின் யோக்கியதையைப் பார்ப்போம். 2012-ம் வருஷம் மத்திய தகவல் கமிஷன், கூடங்குளத்து முதல் இரண்டு உலைகளின் பாதுகாப்பு ஆராய்ச்சி அறிக்கையைப் பொது ஜனங்களுக்குக் கொடுக்கும்படி உத்தரவு போட்டது. அதுவும் கம்பெனி ரகசியமான அமைப்பு விவரங்களை நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதும் என்றுதான் சொல்லிற்று. உலையை நடத்துகின்ற சர்க்கார் கழகத்தார் என்ன செய்தார்கள்? டில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடினார்கள். அதே வருஷத்தில் மத்திய கணக்குத் தணிக்கை அதிகாரி, அணுசக்தியைக் கண்காணிக்கின்ற வாரியம் தனக்கென்று சட்ட பலம் இல்லாமல் சர்க்காருக்குக் கீழ்ப்பட்டு நிற்கின்றது என்று பார்லிமெண்டுக்கு எழுதினார். உலை நடத்துகின்றவனும் அதை மேற்பார்வை செய்கின்றவனும் ஒரே வீட்டுச் சமையலில் சாப்பிட்டால், மேற்பார்வை என்ன லட்சணத்தில் இருக்கும்? 2025 டிசம்பரில் செய்த புதுச் சட்டத்தில் அந்த வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கின்றார்கள். நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தில் தனியார் கம்பெனிகளுக்கும் அணு உலைக் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றார்கள். இலாபக் கணக்குப் போடுகின்றவன் கையில் தீக் கணக்கையும் கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொள்ள விட்டால், எந்தக் கணக்கு எந்தக் கணக்கை விழுங்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

"இவையெல்லாம் ரகசியம், விரோதிகள் கையில் போய்விடும்" என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லுவார்கள். விரோதிக்கு உதவக்கூடிய படங்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியால் கணக்குப் போட்டீர்கள், கேபிள் வழிகளை நடந்து பார்த்தது யார், அதை வேறு ஆள் சரிபார்த்தாரா, முடிவு என்ன, முடிவு தேறாத இடத்தில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதைச் சொல்லுவதால் எந்த விரோதிக்கு என்ன லாபம்? 1995-ல் ஜப்பானில் மோஞ்சு என்கின்ற உலையில் சோடியம் கசிந்து தீப்பிடித்தபோது, நடத்தினவர்கள் எடுத்த படத்தில் ஒரு பகுதியை ஒளித்தார்கள். ஒளித்தது வெளியானதும், தீயினால் வராத கெட்ட பெயர் ஒளித்ததனால் வந்தது. நமது கல்பாக்கத்திலும் சோடியம் உலை கட்டியிருக்கின்றார்கள். சோடியம் காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் சீறும். ஆகவே அங்கே இந்தக் கேள்விகள் இன்னும் அதிகமாய்க் கேட்கப்பட வேண்டியவையாகும்.

"பாமர ஜனங்களுக்கு இது விளங்காது" என்று வேறு சிலர் சொல்லுவார்கள். வேதம் விளங்காது, படிக்காதே என்று சொன்ன அதே வாய்தான் இப்பொழுது இதையும் சொல்லுகின்றது. இரண்டு மோட்டாருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் ஆகாது என்பது சின்னமனூர் விவசாயிக்கு விளங்காதா? நரோராவில் இருட்டில் ஏணி ஏறி வால்வு திருகின தொழிலாளிக்கு விளங்காதா? விளங்காது என்பது ஜனங்களிடத்திலுள்ள குறையன்று. விளங்கச் சொல்ல இஷ்டமில்லாதவர்களின் சூழ்ச்சியேயாகும்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்கின்ற வழக்கு வேறு. அதில் ஒவ்வொருவரும் தம் புத்தியால் யோசித்து முடிவு செய்யலாம். ஆனால் இருக்கின்ற உலைகள் ஒவ்வொன்றிலும் தீக் கணக்குப் போட்டாக வேண்டும். போட்ட கணக்கை நடத்துகின்றவர்களுக்குக் கட்டுப்படாத வேறு நிபுணர்கள் சோதிக்க வேண்டும். சோதித்ததைத் தமிழிலும் அச்சிட்டு, உலையைச் சுற்றியுள்ள ஊர்ப் பஞ்சாயத்துகளில் வைக்க வேண்டும். இதை எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் கேளுங்கள்.

கேட்டுப் பழக கூடங்குளம்வரை போகவேண்டிய அவசியமில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கும் வகுப்பறைக்கும் நடுவில் என்ன இருக்கின்றது? கல்யாண மண்டபத்துக்கு எத்தனை வாசல், அவற்றில் திறந்திருப்பது எத்தனை? கோடையில் மலைக்குப் போகின்றவர்களுக்கு எச்சரிக்கை சொல்லுகிறவர் யார்? இவற்றுக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். இரண்டு கண்ணும் ஒரு நாக்கும் போதும். தன் ஊர்த் தீயைப் பற்றிக் கேட்கத் துணிந்தவன்தான் நாளைக்கு அணு உலைத் தீயைப் பற்றியும் கேட்பான். கேட்கின்றவர்கள் பெருகினால் கணக்கைப் பூட்டிவைக்க யாராலும் முடியாது என்பதே நமது அபிப்பிராயமாகும்.